ஒட்டடைக் கம்பு விழுந்து உடைந்த டிவிக்கு யார் பணம் தருவது?

நீங்கள் எழுதியதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். சென்னையில் உங்கள் வீட்டுக்கு நான்கு வருஷமாக ஒரு அம்மா வேலைக்கு வருகிறார். காலையில் ஒன்றரை மணி நேரம் பாத்திரம் தேய்த்து, பெருக்கித் துடைத்துவிட்டுப் போவார்; மாதம் 3,500 ரூபாய். பொங்கலுக்கு முன்னால் ஒருநாள் ஒட்டடையும் அடித்துவிடச் சொன்னீர்கள். ஹால் மூலையில் அடிக்கும்போது கம்பின் மேல்பாதி கழன்று டிவிமேல் விழுந்து திரை விரிசல் விட்டுவிட்டது. 43 அங்குல டிவி, ஐந்து வருஷத்துக்கு முன்னால் 32,000 ரூபாய்க்கு வாங்கியது. பேனல் மாற்ற சர்வீஸ் சென்டரில் 21,000 கேட்கிறார்கள். அவரே, “மாசம் ஐந்நூறு பிடிச்சுக்கோங்க மேடம்” என்று சொல்லியிருக்கிறார். பிடிக்கத்தான் வேண்டும் என்கிறார் மாமியார், விட்டுவிடு என்கிறார் கணவர். யார் பணம் தரவேண்டும் என்று கேட்கிறீர்கள்.

இது ஒரே கேள்வி மாதிரி தெரிந்தாலும் உள்ளே இரண்டு இருக்கிறது. அந்த அம்மா உங்களுக்கு நஷ்ட ஈடு தரக் கடமைப்பட்டவரா என்பது ஒன்று. கடமைப்பட்டவர் என்றே வைத்துக்கொண்டாலும், அதை நீங்களாகவே சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாமா என்பது இன்னொன்று. நம் வீடுகளில் இந்த இரண்டையும் யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. சம்பளம் நம் கையில் இருக்கிறது, பொருளும் நம்முடையது, கணக்கை நேர் செய்துவிட வேண்டியதுதானே என்று தோன்றும். இரண்டாவது கேள்விக்குப் பதில் சின்னது: கூடாது. முதல் கேள்விக்குத்தான் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் சென்னையில் இருபது வருஷத்துக்கும் மேலாகத் தொழிலாளர் வழக்குகள் நடத்துகிறவள். பெரும்பாலும் தொழிலாளி பக்கம் நின்றே வாதாடிப் பழக்கம், அதனால் என் பேச்சில் ஒரு சாய்வு இருக்கும். அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள். அப்புறம், அந்த அம்மா தரப்பை நான் கேட்கவில்லை. நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துத்தான் பேசுகிறேன்.

நிச்சயமாகத் தெரிந்ததிலிருந்து ஆரம்பிக்கிறேன். தொழிற்சாலையிலோ கம்பெனியிலோ வேலை செய்கிறவர் எதையாவது உடைத்தால் என்ன செய்யலாம் என்று 1936-ஆம் ஆண்டின் ஊதியப் பட்டுவாடாச் சட்டம் விவரமாகச் சொல்லியிருந்தது. பொருள் சேதத்துக்காகச் சம்பளத்தில் பிடிக்க வேண்டுமென்றால், அந்தப் பொருளைப் பத்திரமாக வைத்திருக்கும் பொறுப்பை வெளிப்படையாக அவரிடம் ஒப்படைத்திருக்க வேண்டும். சேதம் நேராக அவருடைய அலட்சியத்தால் வந்திருக்க வேண்டும். பிடிக்கும் தொகை சேதத்தின் மதிப்பைத் தாண்டக்கூடாது. பிடிப்பதற்கு முன்னால் அவர் தரப்பு விளக்கத்தைச் சொல்ல வாய்ப்பு கொடுக்க வேண்டும். எல்லாப் பிடித்தமும் சேர்த்து, கூட்டுறவுக் கடன் மாதிரியான சிலவற்றைத் தவிர, சம்பளத்தில் பாதிக்கு மேல் போகக்கூடாது. 2019-இல் நிறைவேறி 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பும் ஏறக்குறைய இதே வழியில்தான் போகிறது.

இதை உங்கள் டிவிக்குப் பொருத்திப் பாருங்கள். ஸ்டோர் கீப்பர் ஒருவரிடம் கணக்குப் போட்டுச் சாவியோடு சரக்கை ஒப்படைத்தால், அது காவலுக்கு ஒப்படைத்தது. உங்கள் ஹாலில் இருக்கும் டிவி யாரிடமும் ஒப்படைக்கப்பட்டதில்லை. அது இருக்கிற இடத்தில் இருக்கிறது, அவர் அதைச் சுற்றிப் பெருக்குகிறார், அவ்வளவுதான். கம்பெனிச் சட்டத்தின் அளவுகோலை வைத்தாலே இங்கே முதல் படியைத் தாண்ட முடியாது.

ஆனால் கம்பெனிச் சட்டம் வீட்டுக்குள் வருமா? 1936 சட்டம் வராது. அது தொழிற்சாலை, ரயில்வே, குறிப்பிட்ட நிறுவனங்கள் இவற்றோடு நின்றுவிட்டது. புதிய ஊதியத் தொகுப்பில் ‘நிறுவனம்’ என்பதற்குத் தந்திருக்கும் விளக்கம் அகலமானது. ஒரு குடும்பம் குடியிருக்கும் வீடு அதற்குள் அடங்குமா என்பது வாதத்துக்கு உரியது. வீட்டுக்காரர் தரப்பு வக்கீலாக நான் நின்றால் அடங்காது என்று ஒரு மணி நேரம் பேசுவேன், தொழிலாளி பக்கம் நின்றால் அடங்கும் என்று பேசுவேன். கூடவே வந்த தொழில் உறவுத் தொகுப்பு வீட்டு வேலையைப் பெயர் சொல்லியே விலக்கிவைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் வீட்டு வேலைத் தொழிலாளர்களுக்கு 2007-இல் நல வாரியம் வந்தது, 2018-இல் மணிக்கணக்கில் குறைந்தபட்சக் கூலியும் அறிவித்தார்கள். கப் உடைந்தால், கண்ணாடி உடைந்தால் என்ன என்று இவை எதுவும் பேசுவதில்லை.

இந்த இடத்தில் சிலர், “அப்படியானால் சட்டமே இல்லை, நான் பிடிக்கலாம்” என்பார்கள். தனிச்சட்டம் இல்லாவிட்டால் பொதுச்சட்டம் இருக்கிறது, அது உங்களுக்கு இன்னும் சங்கடம். ஒரு மாதம் வேலை செய்து முடித்ததும் அந்த 3,500 ரூபாய் நீங்கள் அவருக்குத் தரவேண்டிய கடன். தொகை நிச்சயம், நாள் நிச்சயம். டிவி உடைந்ததற்கு நீங்கள் கேட்பது நஷ்ட ஈடு. யாராவது நடுவில் உட்கார்ந்து தப்பு யாருடையது, தொகை எவ்வளவு என்று தீர்மானிக்கும்வரை அது கடன் ஆகாது, வெறும் கோரிக்கைதான். 1974-இல் ராமன் அயர்ன் ஃபவுண்டரி வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வித்தியாசத்தைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அது அரசாங்கத்துக்கும் ஒரு கம்பெனிக்கும் நடந்த ஒப்பந்த வழக்கு, சம்பள வழக்கு இல்லை. ஆனால் கொள்கை இங்கேயும் அதேதான். வழக்கைப் போட்டவரும் நீங்களே, தீர்ப்புச் சொன்னவரும் நீங்களே, ஜப்தி செய்தவரும் நீங்களே என்று ஆக முடியாது.

சரி, முதல் கேள்விக்கு வருகிறேன். அவர் கடமைப்பட்டவரா? வேலைக்கு வருகிறவர் ஓரளவு கவனத்தோடு வேலை செய்வார் என்பது பேசாமலே புரிந்துகொண்ட நிபந்தனை. அதை மீறி அலட்சியமாக நடந்து நஷ்டம் வந்தால், ஒப்பந்தச் சட்டப்படி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு என்பது ஏட்டில் இருக்கிறது. ஆங்கிலேயச் சட்டத்திலிருந்து நமக்கு வந்தது இது. அங்கேயே இது எவ்வளவு சங்கடமாகப் போனது என்பதற்கு ஒரு வழக்கு உண்டு. சட்டக் கல்லூரியில் படிக்கும்போதே எனக்கு மனதில் நின்றுபோனது. லிஸ்டர் என்கிற லாரி ஓட்டுநர், கூட வேலை செய்தவர் அவருடைய சொந்த அப்பா. ஒருநாள் லாரியைப் பின்னால் எடுக்கும்போது அப்பா மேலேயே ஏற்றிவிட்டார். அப்பாவுக்குக் கம்பெனி இழப்பீடு தந்தது, அதாவது கம்பெனியின் காப்பீட்டு நிறுவனம் தந்தது. பிறகு அந்தக் காப்பீட்டு நிறுவனம் கம்பெனியின் பெயரிலேயே மகன் மேல் வழக்குப் போட்டது: நீ கவனமாக ஓட்டவில்லை, எங்கள் பணத்தைத் திருப்பித் தா. 1957-இல், அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில், மகன் தரவேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பு சட்டப்படி சரி, ஆனால் ஊரே முகம் சுளித்தது. கடைசியில், சதியோ வேண்டுமென்றே செய்த தப்போ இல்லாதவரை இனி இப்படித் தொழிலாளிகளைத் துரத்த மாட்டோம் என்று காப்பீட்டு நிறுவனங்களே தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டன.

ஜெர்மனியில் நீதிமன்றங்களே ஒரு வழி கண்டுபிடித்தன. மிகச் சின்ன கைதவறல் என்றால் தொழிலாளி ஒன்றும் தரவேண்டாம். நடுத்தரமான கவனக்குறைவு என்றால் இருவரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். அப்பட்டமான அலட்சியமோ வேண்டுமென்றே செய்ததோ என்றால்தான் பெரும்பாலும் முழுதும் அவர் தலையில். வேலை என்று இருந்தால் கைதவறல் இருக்கும், தினமும் நூறு பாத்திரம் தேய்க்கிறவர் கையில்தான் வருஷத்துக்கு இரண்டு உடையும், தேய்க்காதவர் கையில் எப்படி உடையும் என்பதுதான் அதன் பின்னால் இருக்கும் நியாயம். நம் ஊர் நீதிமன்றத்தை இது கட்டுப்படுத்தாது. ஆனால் மனதில் வைத்துப் பார்க்க நல்ல தராசு. என்னிடம் வருகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வது.

உங்கள் சம்பவத்தை அந்தத் தராசில் வைத்தால் எனக்கு முதலில் கண்ணில் படுவது டிவி இல்லை, கம்பு. மேல்பாதி கழன்று விழுந்தது என்கிறீர்கள். இழுத்து நீட்டித் திருகி இறுக்குகிற மாதிரிக் கம்பாக இருக்க வேண்டும். அந்தத் திருகு தேய்ந்துவிட்டால் எவ்வளவு இறுக்கினாலும் நழுவும், எங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று கிடந்தது. கம்பு யாருடையது? உங்களுடையது. தேய்ந்த கருவியைக் கொடுத்தவர் பக்கம் பொறுப்பு சாயும். ஒருவேளை திருகு நன்றாகத்தான் இருந்து, அவர் இறுக்க மறந்திருந்தால்? அதுவும் மறதிதான், அப்பட்டமான அலட்சியம் என்று சொல்ல மாட்டேன். இரண்டாவது, ஒட்டடை அடிப்பது அவருடைய வழக்கமான வேலையில் சேர்ந்ததில்லை. அன்றைக்குக் கூடுதலாகச் சொன்னீர்கள். மூன்றாவது, அண்ணாந்து பார்த்து அடிக்கிறவருக்குக் கீழே டிவி இருப்பது தெரியாது. ஒரு பழைய போர்வையைப் போட்டு மூடியிருந்தால் பிழைத்திருக்கும். மூடியிருக்க வேண்டியவர் நீங்களா அவரா என்றால், பாதிப்பாதி என்றுகூட என்னால் சொல்ல முடியவில்லை. வீட்டுக்காரர்தான்.

தொகையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 21,000 என்பது உங்கள் நஷ்டம் இல்லை. அது புதுப் பேனலின் விலை. உங்களிடம் இருந்தது ஐந்து வருஷம் ஓடிய டிவி. விபத்துக்கு முந்தின நாள் அதை விற்றிருந்தால் என்ன கிடைத்திருக்கும்? எட்டாயிரம், பத்தாயிரம் என்று வைத்துக்கொள்வோம், பழைய டிவி விற்கிற கடையில் கேட்டால் சரியாகத் தெரியும். அதுதான் நஷ்டத்தின் உச்சவரம்பு. கார் காப்பீட்டில் ஐ.டி.வி. என்று, வண்டியின் இப்போதைய மதிப்பாக ஒரு தொகை போடுவார்கள் இல்லையா, ரிப்பேர் செலவு அதில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டியையே மொத்த நஷ்டமாகக் கணக்கெடுத்து அந்தப் பழைய மதிப்பைத்தான் தருவார்கள். ஷோரூம் விலை தரமாட்டார்கள். நமக்குப் பணம் வரவேண்டிய இடத்தில் இந்தக் கணக்கை முணுமுணுத்துக்கொண்டாவது ஏற்றுக்கொள்கிறோம். வேலைக்கு வருகிறவரிடம் கேட்கும்போது மட்டும் எல்லோருக்கும் புது விலைதான் நினைவுக்கு வருகிறது.

நீதிமன்றத்துக்குப் போனால் என்ன ஆகும் என்றும் பார்த்துவிடலாம். சிவில் வழக்குத்தான். மூன்று வருஷத்துக்குள் போட வேண்டும், அலட்சியத்தை நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். 8,000 ரூபாய்க்கு நீங்கள் வக்கீல் வைத்து வாய்தாவுக்கு அலைந்து, அந்தக் கம்பைச் சான்றாக நீட்டி... வேண்டாம், நானே வேண்டாம் என்பேன். போலீஸ் புகார் என்று யாராவது யோசனை சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். சேதம் விளைவித்தல் குற்றம் என்பதற்கு வேண்டுமென்றே செய்திருக்க வேண்டும், அல்லது சேதமாகும் என்று தெரிந்தே செய்திருக்க வேண்டும்; பழைய தண்டனைச் சட்டத்திலும் அப்படித்தான், இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அப்படித்தான். கைதவறி உடைத்தது குற்றமே ஆகாது.

இனி நீங்கள் கேட்டதிலேயே கடினமான இடம். “அவரே பிடிச்சுக்கச் சொன்னாரே, அப்புறம் என்ன?” ஒப்புக்கொண்டால் சட்டப்படி அது ஒப்பந்தம்தானே என்று தோன்றும். ஒப்பந்தத்துக்கு மனமுவந்த சம்மதம் வேண்டும். ஒருவர் இன்னொருவரின் விருப்பத்தை ஆளக்கூடிய நிலையில் இருந்து, அந்த நிலையைப் பயன்படுத்தி நியாயமற்ற லாபம் பார்த்தால், அந்தச் சம்மதம் செல்லாமல் போகலாம் என்று 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் பதினாறாவது பிரிவில் சொல்கிறது. சம்பளம் தருகிறவர், பெறுகிறவர் என்பது அப்படிப்பட்ட நிலைதான் என்று வாதாட நல்ல இடம் உண்டு. மாதம் 500 வீதம் 21,000 தீர 42 மாதம் ஆகும். மூன்றரை வருஷம்! கம்பு கழன்று விழுந்ததற்கு அப்படி ஒரு தவணையைச் சுமத்துகிற ஒப்பந்தத்தை எந்த நீதிபதி முன்னால் வைத்தாலும் புருவத்தை உயர்த்துவார். “கடன் தீரும்வரை வேலையை விட்டுப் போகக்கூடாது” என்று வேறு சேர்த்துவிட்டால், 1976-இன் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் பேசும் நிலைமைக்குப் பக்கத்தில் போய் நிற்கிறீர்கள். அந்தச் சட்டத்துக்குள் சரியாகப் பொருந்துமா என்பது வேறு வாதம். நான் அந்தப் பக்கம் போய்ப் பார்க்கவே விரும்ப மாட்டேன்.

சட்டத்தை விடுங்கள். அந்த வாக்கியத்தை அவர் எந்தக் குரலில் சொன்னார் என்று யோசித்துப் பாருங்கள். வீட்டு வேலைத் தொழிலாளர்களின் கூட்டங்களில் சட்டம் பற்றிப் பேசப் போயிருக்கிறேன். உடைந்ததற்குச் சம்பளத்தில் பிடித்தார்களா என்று கேட்டால் கைகள் மெதுவாக ஏறும். “பிடிச்சுக்கோங்கன்னு நாமதான் முதல்ல சொல்லணும், அப்பத்தான் திருட்டுப் பட்டம் வராது” என்று ஒரு அம்மா எனக்கே பாடம் எடுத்தார். பணம் தரச் சம்மதம் என்று நமக்குக் கேட்கிற வார்த்தையை, என்னை வேலையை விட்டு நிறுத்திவிடாதீர்கள் என்பதற்காக அவர்கள் சொல்கிறார்கள். எல்லோரும் அப்படியா என்றால், இல்லை. நிஜமாகவே மனம் கேட்காமல், தன் பங்குக்கு ஏதாவது தந்தால்தான் நிம்மதி என்று நினைக்கிறவர்களும் உண்டு. வெளியிலிருந்து பார்த்து இரண்டையும் பிரிப்பது கஷ்டம். பிரிக்க ஒரே வழி, முதலில் முழுச் சம்பளத்தையும் கையில் கொடுத்துவிட்டு, “நீங்கள் ஒன்றும் தரவேண்டாம்” என்று சொல்லிப் பார்ப்பது. அதற்கு மேலும் அவர் வற்புறுத்தினால் அப்போது பேசிக்கொள்ளலாம்.

உங்கள் மாமியார் சொல்வதையும் ஒதுக்கிவிட மாட்டேன். பணம் போனால்தான் பொறுப்பு வரும் என்பது அவர் வாதமாக இருக்கும். என் மாமியாரும் அதையே சொன்னார், நானும் கேட்டேன். அப்போது நான் பிராக்டீஸ் ஆரம்பித்து இரண்டு மூன்று வருஷம், கோர்ட்டில் தொழிலாளர் உரிமை பேசிவிட்டு வீட்டுக்கு வருகிறவள். வீட்டில் மாமியாருடைய அம்மா காலத்து ஊறுகாய் ஜாடி ஒன்று, பழுப்பும் வெள்ளையுமாக, உடைந்தது. வேலைக்கு வந்த அக்காவின் சம்பளத்தில் 200 ரூபாய் பிடித்தோம். ஜாடிக்கு அது விலையே இல்லை, ‘ஒரு பாடத்துக்காக’ என்றார் மாமியார். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஆறு மாதம் எதுவுமே உடையவில்லை, அதாவது உடைந்ததாக யாரும் சொல்லவில்லை. ஒருநாள் இஸ்திரிப் பெட்டியைப் போட்ட மாமியாருக்கு ஷாக் அடித்தது. ஒயர் ஒரு இடத்தில் உருகி உள்கம்பி தெரிந்தது. யாரோ அந்தப் பக்கத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பிச் சுற்றி வைத்திருந்தார்கள். பெரிதாக ஒன்றும் ஆகவில்லை, கை மரத்துப்போனதோடு சரி. அந்த மாதச் சம்பளத்தோடு 200 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டார், ஏன் என்று கேட்கவில்லை.

அப்படியானால் எப்போதுமே வேலை செய்கிறவர் தரவேண்டாமா? அப்படிச் சொல்லவில்லை. நான்ஸ்டிக் தவாவில் இரும்பு நார் போடாதீர்கள் என்று மூன்று முறை சொல்லி, தனி ஸ்பாஞ்சும் வாங்கிக் கொடுத்த பிறகும் நாலாவது முறை நாரைப் போட்டுத் தேய்த்தால், அதில் ஒரு பங்கு கேட்பது நியாயம்தான். கேட்காமல் உங்கள் லேப்டாப்பை எடுத்துத் தன் பையனுக்குக் கொடுத்து அது உடைந்தால் முழுதும் கேட்கலாம். அது வேலையில் சேர்ந்ததே இல்லை. கோபத்தில் போட்டு உடைத்தால் பேச்சே கிடையாது. ஆனால் வீட்டுக்காரர்கள் அலட்சியம் என்று சொல்லும் பல கதைகளை விசாரித்தால் வேறு ஏதோ வரும். பாத்ரூம் தரைக்கென்று வாங்கிவைத்த ஆசிட்டை லேபிள் இல்லாத தண்ணீர் பாட்டிலில் ஊற்றிவைத்து, அது மார்பிள் தரையில் பட்டுப் பளபளப்பு போய்விட்டது என்று சண்டை. மார்பிள் சுண்ணாம்புக் கல் ஜாதி, ஆசிட் பட்டால் அரித்துவிடும் என்பது அந்த வீட்டு இன்ஜினியருக்குத் தெரியும்; பாட்டிலில் எழுதி ஒட்ட வேண்டும் என்று தோன்றவில்லை.

அப்படிப் பங்கு கேட்கிற நிலைமை வந்தால் எப்படிக் கேட்பது என்பதற்கு நான் வைத்திருக்கும் வழக்கம் இதுதான். அந்த மாதச் சம்பளம் முழுதாக, சொன்ன தேதியில் போய்விட வேண்டும். பேச்சு தனியாக வேறொரு நாள். பழைய மதிப்பில் கணக்குப் போட்டு, அதில் ஒரு சிறு பங்கு, ஒரே முறை. அவருடைய ஒரு வாரச் சம்பளத்தைத் தாண்டினால் எனக்கு உறுத்தும். இது சட்டம் சொல்லும் அளவு இல்லை, என் அளவு. அவர் முடியாது என்றால் அதோடு விட்டுவிட வேண்டும். தீபாவளிக்குத் தரும் ஒரு மாதச் சம்பளத்தில் கழித்துக்கொள்வது என்று ஒரு தந்திரம் உண்டு, பலரும் செய்கிறார்கள். அவருக்குச் சட்டப்படி போனஸ் கேட்கும் உரிமை இல்லாததால் அது எளிதாகத் தெரியும். நான்கு வருஷமாகத் தவறாமல் கொடுத்துவிட்டு இந்த வருஷம் குறைத்தால், பிடித்தது என்றுதான் அவர் புரிந்துகொள்வார், சரியாகவே புரிந்துகொள்வார்.

ஏஜென்சி மூலமாகவோ செயலி மூலமாகவோ ஆள் வந்திருந்தால் கதையே வேறு. அப்போது உங்களுக்குச் சேவை விற்றது அந்த நிறுவனம். தன் ஆள் வேலையின்போது செய்த தப்புக்கு அது பொறுப்பு. பதிவு செய்யும்போது நாம் படிக்காமல் ‘சரி’ போட்ட நிபந்தனைகளில் சேதத்துக்கு எவ்வளவு வரை தருவார்கள் என்று எழுதியிருப்பார்கள், அதைத் தேடிப் பாருங்கள். தராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்குக் கட்டணம் கிடையாது. நீங்கள் நேரடியாக வேலைக்கு வைத்த அம்மா மேல் அங்கே போக முடியாது. அப்படிப்பட்ட நேரடிப் பணி ஒப்பந்தத்தை நுகர்வோர் சட்டம் ‘சேவை’ என்பதிலிருந்து வெளியே வைத்திருக்கிறது.

டிவிக்கு என்ன வழி என்று கேட்பீர்கள். சாதாரண வாரண்டி உடைப்புக்கு வராது, அது போகட்டும். வாங்கும்போது நீட்டித்த வாரண்டியோ சேதப் பாதுகாப்புத் திட்டமோ எடுத்தீர்களா என்று பழைய பில்லைப் பாருங்கள். வீட்டுக் காப்பீடு இருந்தால் அதையும் எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் தீ, வெள்ளம், புயல் போன்றவற்றுக்காக எழுதப்பட்டிருக்கும், கைதவறி உடைவதற்கென்று தனியாகச் சேர்த்திருக்கிறீர்களா என்பதுதான் விஷயம். ஐந்து வருஷ டிவிக்கு 21,000 போட்டுப் பேனல் மாற்றுவது எனக்கு வீண் செலவாகத் தெரிகிறது. பழையதை உதிரி பாகத்துக்கு எடுத்துக்கொள்ளும் கடையில் கொடுத்துவிட்டு, பேனலுக்குப் போட இருந்த பணத்தோடு கொஞ்சம் சேர்த்துப் புதிதாகவே வாங்கிவிடலாம்.

ஆக, உங்கள் விஷயத்தில் என் பதில்: டிவிக்கு நீங்கள்தான் தரவேண்டும். அவர் ஒன்றும் தரவேண்டாம், ஐந்நூறும் வேண்டாம். இதை அவரிடம் நீங்களே, வாய்விட்டு, சீக்கிரம் சொல்லிவிடுங்கள். நீங்கள் பேசாமல் இருக்கும் ஒவ்வொரு நாளும் அவர் மற்ற வீடுகளில் அட்வான்ஸ் கேட்டுக்கொண்டிருக்கலாம். கம்பைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குங்கள். இன்னொன்று: அன்றைக்கு ஒட்டடை அடித்ததற்கு அவருக்குத் தனியாக என்ன கொடுத்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. டிவி உடைந்த குழப்பத்தில் அது விட்டுப்போயிருந்தால், இந்த மாதம் சம்பளத்தோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.